மாப்பிள்ளை கொண்டுவந்த போப்பு பாட்டில்

வாங்க மாப்பிள்ளே! கையில என்ன, பாட்டிலா? கொடுங்க பார்ப்போம். தோள்பட்டையில போப்பாண்டவர் கிரீடமும் சாவியும் கண்ணாடியிலேயே புடைச்சு நிக்குது. ஷாத்தோநெஃப்-து-பாப்! பெரிய எடத்துச் சரக்குதான்.

போப்பு குடிச்ச ஒயினுன்னு கடைக்காரன் சொல்லியிருப்பானே? 1309-லருந்து 1377 வரைக்கும் போப்புங்க ரோமை விட்டுட்டு, பிரான்ஸ் தெக்கால அவிஞோன்ல உக்காந்திருந்தது நெசம். அதுல 22-ஆம் ஜான்ங்கிற போப்பு, அவிஞோனுக்குப் பக்கத்துல இந்த ஒயினு விளையிற ஊர்ல கோட்டை கட்டுனதும் நெசம். ஆனா ஊர்ப் பேர்ல போப்பு ஏறுனது 1893-ல. ஐநூறு வருஷம் முந்திப் போனவர் பேரைச் சொல்லி யாவாரம் பண்ண நம்மாளுகளுக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன்.

அந்த ஊர்த் தோட்டத்து உருண்டைக் கல்லைப் பத்தியும் அளந்திருப்பான். பகல்ல வெயிலை வாங்கி ராத்திரி திராட்சைக் கொடிக்குச் சூடு கொடுக்குமாம். கொடுக்கும், யாரு இல்லேன்னா? ஆனா அதே ஊர்ல ரயாஸ்னு ஒரு தோட்டம், தரையெல்லாம் மணலு. விலையைக் கேட்டா உங்களுக்கு மயக்கம் வந்துரும். அடுத்த தடவ கல்லைக் காட்டி விலை சொன்னா, மணலு எங்கேன்னு கேளுங்க.

எனக்குப் பிடிச்சது அந்த ஊர்க்காரங்க பிடிவாதந்தான். ஒரு காலத்துல இந்த ஒயினு பீப்பாய் பீப்பாயா பர்கண்டிக்குப் போயி, அங்கத்தி நோஞ்சான் ஒயினுக்கு முட்டுக் கொடுத்துச்சு. 1923-ல பரோன் லெ ருவா, வக்கீலு, மொத உலகப் போர்ல விமானம் ஓட்டுனவரு, கட்டுப்பாடு கொண்டாந்தாரு. லாவெண்டரும் தைமும் சேர்ந்து முளைக்கிற காஞ்ச மண்ணுலதான் கொடி வைக்கணும், சொத்தைப் பழத்தைக் கழிச்சே ஆகணும், சாராயம் 12.5 சதவீதத்துக்குக் கொறைஞ்சா ஊர்ப் பேரு கிடையாது. 1936-ல அது அரசாங்கச் சட்டமே ஆயிருச்சு. பதிமூணு திராட்சை ரகம் கலக்கலாம். இனிப்பும் உடம்பும் கிரனாஷ் கொடுக்கும், கறுப்பும் முறுக்கும் சிராவும் மூர்வெத்ரும் கொடுக்கும். பதிமூணும் இதுல இருக்குன்னு எவனாவது சொன்னா சிரிச்சு வைங்க. பல பேரு மூணு நாலோட நிறுத்திக்குவான்.

சட்டம் போட்டுப் பழகுன கை சும்மா இருக்குமா? 1954-ல அந்த ஊர் மேயரு பறக்கும் தட்டு எங்க எல்லைக்குள்ள பறக்கவோ இறங்கவோ கூடாது, இறங்குனா பறிமுதல்னு உத்தரவே போட்டாரு. அன்னைலருந்து ஒண்ணுகூட இறங்கலியே, மாப்பிள்ளே! நம்ம ஆளுக போட்ட எந்த உத்தரவு இவ்வளவு சுத்தமா நிறைவேறியிருக்கு?

சரி, குடிக்கிற வழி. இதுல சாராயம் இப்பல்லாம் 14, 15 சதவீதம். நம்ம வெயில்ல அப்படியே ஊத்துனா சாராய நெடிதான் மூக்குல ஏறும். அரைமணி நேரம் ஃபிரிஜ்ஜுல வச்சு எடுங்க. பக்கத்துல ஆட்டுக்கறி இருக்கணும். ஐஸ் போட்டீங்கன்னா பொண்ணைத் திருப்பிக் கூட்டிக்குவேன்.

நல்ல பாட்டிலு பத்து வருஷம் தாராளமாத் தாங்கும். பத்திரமா வச்சுக்கலாம்னு உங்களுக்குத் தோணும். பாட்டிலு தாங்கும் மாப்பிள்ளே, மாமன் தாங்கணுமில்ல? இன்னிக்கே திறங்க.