ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுக் கூலியா?

கேள்வி: இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுக்கிறார் முதலாளி. எங்கள் தோட்டத்தில் இப்படிச் செய்தால் மறுநாள் காலை பிரட்டுக்கு யார் வருவார்கள்?

– ஒரு வாசகர், புக்கிட் ரோத்தான்

பதில்: கிராணி மட்டும் வருவார்!

ஆனால் அந்த ஐந்து மணிக்காரர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். மழையால் பால்வெட்டு நின்ற நாளில், பேர் விழாத தொழிலாளியின் நிலைமைதான் அது. வெட்டுக்குத்தான் லீவு, வயிற்றுக்கு இல்லை. ஒரு தெனாரியம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி; அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை வாங்கிப்போனால் வீட்டில் உலை கொதிக்காது.

இன்னொன்று. இந்த முதலாளி கங்காணியை அனுப்பவில்லை. தானே ஐந்து தடவை சந்தைக்குப் போய் ஆள் கூப்பிடுகிறார். கொஞ்சம் குறும்புக்காரரும்கூட. காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கடைசியில் வந்தவனுக்கு முதலில் கொடுத்து, எல்லாரையும் பார்க்க வைக்கிறார்!

அதைப் பார்த்து முணுமுணுத்த காலை ஆட்களுக்கும் பேசிய கூலி குறையவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம்மவர்கள் கதை வேறு. அவர்கள் கேட்டது சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி. அது பொறாமை அல்ல, நியாயம்.

எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்டதற்குப் பின்னால் வரும் கதை இது. கிருபைக்கு மத்தேயு 20-ஐப் படியுங்கள். சம்பளத்துக்குத் தொழிற்சங்கத்தைப் பாருங்கள்.