அட்மின் அண்ணாவுக்கு ஒரு பொன்னாடை

ஏனுங்ண்ணா, கோயமுத்தூரில் உங்களைப் போல் ஒரு கொடைவள்ளல் உண்டா? பாரி கொடுத்தது தன் தேரைத்தான். பக்கத்து வீட்டுக்காரன் தேரை எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு அவனுக்கு மனசு விரியவில்லை. ராஜ வீதியில் விஜயா பதிப்பகம் நாற்பது வருசத்துக்கு மேலாகப் புத்தகத்துக்கு பில் போட்டுக்கொண்டிருக்கிறது. நீங்களோ வாக்கிங் முடித்து வந்ததும் ஒரே தட்டில் 1,024 பேருக்குப் புத்தகம் அனுப்பிவிடுகிறீர்கள். வாட்ஸ்அப் குழுவில் அதற்கு மேல் ஆள் சேர்க்க முடியாது. முடிந்தால் ஈரோடு, திருப்பூர் வரைக்கும் அன்னதானம்தான்.

உங்கள் தேர்வும் அபாரம். பாரதியார் எழுத்து 1949இலேயே அரசுடைமை ஆகிவிட்டது. புதுமைப்பித்தனும் கல்கியும் நாட்டுடைமை. மதுரைத் திட்டத்துத் தன்னார்வலர்கள் 1998 முதல் பழைய நூல்களைக் கணினியில் ஏற்றி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நீங்கள் தலைவைத்துப் படுத்ததில்லை. திறந்த வீட்டில் நுழைவதில் என்ன வீரம்? போன மாதம் வந்த நாவலாக இருக்க வேண்டும், எழுதியவர் கடனோடும் உயிரோடும் இருக்க வேண்டும். அவர் காலமாகி அறுபது வருசம் கழியட்டும் என்கிறது 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அத்தனை வருசம் வாசகனைப் பட்டினி போட உங்களுக்கு மனசு வருமா?

சட்டம் அறியாதவர் என்று யாராவது உங்களைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். விமர்சிப்பதற்காக ஒரு படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்துக் காட்டலாம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. கஞ்சர்கள் நாலு வரி எடுத்து நாலு பக்கம் எழுதுவார்கள். நீங்கள் 312 பக்கத்தையும் மேற்கோள் காட்டி, கீழே ஒரு கட்டைவிரல் படத்தோடு விமர்சனத்தை முடித்தீர்கள். மேலே திருநீற்றுப் பட்டை மாதிரி ‘கல்வி நோக்கத்துக்கு மட்டும்’ என்று ஒரு வரி. சிறுகதை என்றால் இன்னும் பக்குவம்: எழுதியவர் பெயரைக் கறிவேப்பிலையாக ஒதுக்கிவிட்டு, ‘படித்ததில் பிடித்தது’. பெயர் போடச் சொல்லிக் கேட்கும் உரிமை 57ஆம் பிரிவில் அவருக்கு உண்டுதான். ஆனால் அவருக்கு அடக்கத்தை யார் கற்றுக் கொடுப்பது?

டெல்லி உயர் நீதிமன்றத்துக்குத்தான் உங்கள் ஜாதியின் அருமை தெரியவில்லை. 2020 மே மாதம், ஒரு இந்தி நாளிதழின் இ-பேப்பரைப் பரப்பிய டெலிகிராம் சேனல்களை எடுக்கச் சொன்னது. 2022 ஆகஸ்டில், ஒரு பயிற்சி ஆசிரியரின் பாடங்களைச் டெலிகிராமில் சுற்றுக்கு விட்டவர்களின் போன் நம்பரையே கொடுக்கச் சொன்னது. 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருசம் வரை சிறை. அங்கே வாக்கிங் போக இடம் இருக்கும்.

இத்தனைக்கும் உரிமை என்றால் என்னவென்று தெரியாதவரா நீங்கள்? கணபதியில் கிரைண்டர் பட்டறை. ஊத்துக்குளிக் கல்லில் ஓடி, ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடே வாங்கிய தொழில். உங்கள் ஸ்டிக்கரை ஒட்டி எவனோ நாலு மிஷின் விற்றான் என்று வக்கீலிடம் ஓடினீர்களே! ‘எம்பட பேர்ல அவன் எப்புடிச் சம்பாதிக்கலாம்?’ என்று நீங்கள் போட்ட சத்தம் காந்திபுரம் வரைக்கும் கேட்டது. அது இரும்புங்ண்ணா. இது வெறும் எழுத்துதானே.

முந்நூறு ரூபாய்ப் புத்தகத்தில் எழுதியவருக்கு ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம், முப்பது ரூபாய். கொடிசியா புத்தகத் திருவிழாவில் டெல்லி அப்பளத்துக்கு நீங்கள் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிற காசு அதைவிட அதிகம். வருகிற ஜூலையில் அந்த எழுத்தாளர் கடையில் உட்கார்ந்திருப்பாராம். புத்தகம் வாங்கச் சொல்லவில்லை, உங்களிடம்தான் இருக்கிறதே. அந்தப் பக்கம் போனால் அவருக்கு ஒரு பிளேட் ரோட்டுக்கடைக் காளான் வாங்கிக் கொடுங்கண்ணா.