செத்த இயந்திரங்களின் சொத்துத் தகராறு

டெர்மினலில் விம் எடிட்டரைத் திறந்து மும்முரமாகத் தட்டிக்கொண்டிருப்பவர், வேர்டில் பழகிய கைவாக்கில் கண்ட்ரோல்-எஸ் அழுத்துகிறார். அவ்வளவுதான். பழைய விம் இருக்கும் பல கணினிகளில் அந்த நொடியே திரை உறைந்துவிடும். எழுத்து வராது, கர்சர் நகராது. எஸ்கேப்பை நாலு குத்து குத்துவார், என்டரை எட்டு குத்து குத்துவார், கடைசியில் ஜன்னலையே மூடிவிட்டு, "லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார். பாவம், லினக்ஸ் ஒரு தப்பும் செய்யவில்லை. 1963-இல் வந்த ஒரு தட்டச்சு இயந்திரத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த இயந்திரம் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்த தகவல் மட்டும் அதன் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

இயந்திரத்தின் பெயர் டெலிடைப் மாடல் 33. நொடிக்கு 10 எழுத்து வேகத்தில், தெருவுக்கே கேட்கும் சத்தத்தோடு காகிதத்தில் அடிக்கும். பக்கவாட்டில் காகித நாடா: அதில் துளை போட ஒரு கருவி, போட்ட துளையைப் படிக்க ஒரு கருவி. நாடா ஓடுகிற வேகத்துக்குக் கணினியால் ஈடுகொடுக்க முடியாவிட்டால், 19 என்ற எண்ணை அனுப்பும், நாடா நிற்கும். மூச்சு வாங்கி முடித்ததும் 17-ஐ அனுப்பும், நாடா ஓடும். அந்த 19-தான் கண்ட்ரோல்-எஸ், 17 கண்ட்ரோல்-க்யூ. பிற்பாடு நாடா போய்க் கண்ணாடித் திரை வந்தது. கண்ணுக்குச் சிக்காமல் மேலே ஓடும் வரிகளை நிறுத்திப் படிக்க மனிதர்களும் அதே கீயை அழுத்தப் பழகினார்கள். வழக்கம் நிலைத்துவிட்டது.

இதில் குரூரமான ஒரு நுணுக்கம் உண்டு. கண்ட்ரோல்-எஸ் நிறுத்துவது வெளியே வருவதைத்தான், உள்ளே போவதை அல்ல. திரை உறைந்த ஆத்திரத்தில் நாம் தட்டியதெல்லாம் பொறுமையாக வரிசையில் நிற்கும். யாரோ புண்ணியவான் கண்ட்ரோல்-க்யூ அழுத்தச் சொல்லிக்கொடுத்ததும், மொத்த ஆத்திரமும் கோப்புக்குள் கொட்டும். ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ‘எஸ்டிடிஒய் -ஐஎக்ஸ்ஆன்’ என்று ஒரே ஒரு வரி போட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது. அரை நூற்றாண்டுச் சாபத்துக்கு அரை வரியில் பரிகாரம்.

ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஈமாக்ஸ்காரர்களுக்கு இந்தச் சாபம் இரட்டிப்பு. அங்கே கண்ட்ரோல்-எஸ் என்றால் தேடல், நாளைக்கு நூறு முறை தேவைப்படுவது. டெக் கம்பெனியின் விடி100 டெர்மினலோ, தன் நினைவகம் நிரம்பினால் யாரையும் கேட்காமல் தானே 19-ஐ அனுப்பும். ‘நிறுத்து’ என்று டெர்மினல் கதற, ‘எதைத் தேடணும்?’ என்று ஈமாக்ஸ் விசாரிக்கும். கடைசியில் ஈமாக்ஸ்தான் பணிந்தது. இப்படிப்பட்ட டெர்மினல்களில் தேடலை வேறு கீக்கு மாற்றிக்கொள்ள ஒரு கட்டளையே அதில் சேர்த்தார்கள்.

மாடல் 33 விட்டுப்போன சொத்து இதோடு தீரவில்லை. அதில் தப்பாக அடித்துவிட்டால் என்ன செய்வது? காகிதத்தில் விழுந்த துளையை அடைக்க முடியாது. ஆனால் இன்னும் துளை போடலாமே! நாடாவை ஓர் எழுத்து பின்னால் இழுத்து ‘ரப் அவுட்’ கீயை அழுத்தினால், அந்த வரிசையில் எல்லா இடத்திலும் துளை விழும். அடியில் இருந்தது என்ன எழுத்து என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஏழு பிட்டும் ஒன்று என்றால் 127. படிக்கும்போது 127 வந்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. மற்றக் கட்டுப்பாட்டுக் குறிகள் எல்லாம் 0 முதல் 31 வரை முன்வரிசையில் பவ்யமாக உட்கார்ந்திருக்க, டெலீட் மட்டும், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி பட்டியலின் கடைசி பெஞ்சில் இருப்பது இதனால்தான்.

ஆனால் 8-ஆம் எண்ணில் பேக்ஸ்பேஸ் என்று இன்னொரு வாரிசும் இருந்தது. ஓரிடம் பின்னால் போவது மட்டுமே அதன் வேலை. அழிப்பதற்கு அதற்குப் பாத்தியதை கிடையாது. கீபோர்டில் பின்னோக்கி அழிக்கும் அந்தப் பெரிய கீ எந்த எண்ணை அனுப்ப வேண்டும், 8-ஆ 127-ஆ? இங்கே வெடித்தது பங்காளிச் சண்டை. ஒரு கம்பெனி 8 என்றது, இன்னொன்று 127 என்றது. 8 என்பது கண்ட்ரோல்-எச்சும்தான். ஈமாக்ஸில் அது உதவிக்கான கீ. ஓர் எழுத்தை அழிக்கப் போனவரை உட்காரவைத்து எடிட்டர் பாடம் எடுக்க ஆரம்பிக்கும். வேறு இடங்களில் எழுத்து அழியாமல் கூடவே ^எச் என்று முளைக்கும். அதையும் ரசித்தார்கள் அந்தக் காலத்து ஆட்கள்: "எங்கள் மேலாளர் ஒரு கழு^எச்^எச்^எச் கனவான்" என்கிற பாணியில் வேண்டுமென்றே எழுதிச் சிரித்தார்கள். டெபியன் லினக்ஸ்காரர்கள் மட்டும் பஞ்சாயத்து வைத்துத் தீர்ப்பைக் கொள்கை ஆவணத்திலேயே எழுதி வைத்தார்கள்: பேக்ஸ்பேஸ் கீ 127-ஐ அனுப்பட்டும், டெலீட் கீ வேறொரு நீளமான குறியை அனுப்பட்டும். அதாவது டெலீட்டின் எண் பேக்ஸ்பேஸுக்கு. டெலீட்டுக்குப் பட்டை நாமம்.

கண்ட்ரோல் கீயின் பிழைப்பு இன்னும் பரிதாபம். அது தனியாக எந்தச் சேதியும் சொல்லாது. கூட அழுத்திய எழுத்தின் எண்ணில் 64-ஐக் கழிக்கும். அதோடு அதன் உத்தியோகம் முடிந்தது. ஐ 73, கழித்தால் 9, அது டேப். எம் 77, கழித்தால் 13, அது என்டர். இடது சதுர அடைப்பு 91, கழித்தால் 27, சாட்சாத் எஸ்கேப். டேப்புக்கு ஒரு வேலை, கண்ட்ரோல்-ஐக்கு வேறு வேலை என்று அமைத்துவிட்டு, இரண்டும் ஒன்றையே செய்கிறதே என்று புலம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எடிட்டரின் வாசலுக்கு வருவது ஒரே 9. எந்த விரல் அனுப்பியது என்று அது எப்படிக் கண்டது? கண்ட்ரோல்-ஐயோடு ஷிஃப்டைச் சேர்த்துப் பிடித்தாலும் வந்து சேர்வது அதே எண்தான்.

இனி பெர்க்லி பல்கலைக்கழகம். 1976-இல் அங்கே மாணவராக இருந்த பில் ஜாய், விம்முக்கு மூதாதையான விஐ எடிட்டரை எழுதியது லியர் சீக்லர் என்ற கம்பெனியின் ஏடிஎம்-3ஏ டெர்மினலில். விமானக் கருவிகள் செய்த கம்பெனி அது. தன் சரக்கை ‘மந்த டெர்மினல்’ என்று தானே விளம்பரம் செய்து விற்றது. அந்த நேர்மை இப்போது யாருக்கு வரும்? அதில் அம்புக்குறிக்குத் தனி கீ கிடையாது. எச், ஜே, கே, எல் எழுத்துகளின் தலையிலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். ஜாயும் அதையே எடுத்துக்கொண்டார். எஸ்கேப் கீ இன்றைய டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு அடியிலேயே இருந்தது. நிமிடத்துக்குப் பத்து தடவை அழுத்தினாலும் வலிக்காது. பிறகு வந்த கீபோர்டுகள் எஸ்கேப்பை மூலைக்குத் துரத்தின. எடிட்டர் மட்டும் பழைய விலாசத்திலேயே கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது.

அம்புக்குறி கீகள் வந்த பிறகாவது நிம்மதியா? விடி100-இன் மேல் அம்பு ஒரே எண்ணை அனுப்பாது. ஒரு நிலையில் எஸ்கேப், பெரிய ஓ, பெரிய ஏ என்று மூன்றை அனுப்பும். பழைய விஐ இந்த மூன்றையும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்ளும். எஸ்கேப்: சரி, எழுதும் நிலையிலிருந்து வெளியே வா. ஓ: மேலே புது வரி திற. ஏ: அதில் ஏ என்று எழுது. ஒரு வரி மேலே போக நினைத்தவருக்கு, கேட்காமலே ஒரு வரியும் அதில் ஓர் ஏயும் இனாம். இதற்கு மருந்து, எஸ்கேப் வந்ததும் பின்னாலேயே வேறு ஏதாவது வருகிறதா என்று எடிட்டர் கொஞ்சம் காத்திருப்பது. டெர்மினலுக்கும் எடிட்டருக்கும் நடுவில் உட்காரும் டிமக்ஸ் என்ற நிரல் அப்படி அரை நொடி காத்திருப்பதையே நெடுநாள் வழக்கமாக வைத்திருந்தது. எஸ்கேப்பை அழுத்திவிட்டு விம் ஏன் தூங்குகிறது என்று திட்டியவர்கள், நடுவில் உட்கார்ந்திருந்த டிமக்ஸைத் திட்டியிருக்க வேண்டும்.

ஆல்ட் கதை தமிழர்களைத் தொடும் கதை. எம்ஐடியின் கீபோர்டுகளில் மெட்டா என்றே ஒரு கீ இருந்தது. அது இல்லாத ஊர்களில் ஆல்ட்டை மெட்டாவாக்கி, எழுத்தின் எண்ணோடு 128-ஐக் கூட்டினார்கள். எட்டாவது பிட் சும்மாதானே கிடக்கிறது என்ற நினைப்பு. ஆங்கிலம் மட்டும் தட்டுகிறவர்களுக்கு அது சும்மாதான் கிடக்கும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 224-இல் ஆரம்பிக்கிறது. 128-ஐக் கழித்தால் 96, அது பேக்டிக். பழைய மெட்டா ஏற்பாட்டில் ஓடும் ஈமாக்ஸில் ‘அ’ என்று தட்டினால், முதல் பைட்டுக்கே மெனு திறந்துகொள்ளும். அகர முதல எழுத்தெல்லாம் அங்கே மெட்டா-பேக்டிக்தான்.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துச் சலித்துத்தான், காலிபர் என்ற மின்னூல் மென்பொருளை எழுதிய கோவித் கோயல் தன் கிட்டி டெர்மினலில் புது ஒப்பந்தம் கொண்டுவந்தார். எடிட்டர் கேட்டுக்கொண்டால், எந்தக் கீ, கூட எது பிடித்திருந்தது என்பதையெல்லாம் விலாவாரியாக டெர்மினல் சொல்லும். டேப் வேறு, கண்ட்ரோல்-ஐ வேறு, எஸ்கேப்புக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் எடிட்டர் இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிவிட்டு, திருப்பி ஒப்படைக்காமலே நடுவழியில் செத்துவிழுந்தால்? ஷெல்லில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் எண்ணும் அரைப்புள்ளியுமாக ஏதோ உளறும். அதையும் யோசித்துத்தான் ஒப்பந்தத்தின் ஆரம்பப் படியில் என்டர், டேப், பேக்ஸ்பேஸ் ஆகிய மூன்றையும் பழைய எண்களிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். ‘ரீசெட்’ என்று தட்டி என்டர் அழுத்தவாவது ஒரு வழி இருக்கட்டும் என்று.