கெடக்கட்டும் அண்ணாச்சி

ரேஷன் கார்டில் அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. தமிழ் பேசுகிறவர்கள் 'கெடக்கட்டும் அண்ணாச்சி' என்போம். மலையாளம் பேசுகிறவர்கள் 'கிடக்கட்டெ அண்ணன்' என்பார்கள். உடைந்த குடை, ஓடாத மிக்ஸி, பாதி தீர்ந்த பெயிண்ட் டப்பா, எதை நீட்டித் 'தூரப் போட்டிரலாமா?' என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான். "கெடக்கட்டும். எதுக்காவது ஆவும்."

பூர்விகம் நாகர்கோவில் பக்கம். அப்பா காலத்தில் இங்கே வந்தவர்கள். அப்போது அதுவும் இதுவும் ஒரே திருவிதாங்கூர். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது சொந்தபந்தத்தில் பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் ஆகிவிட்டது. அதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். "அதை எதுக்குக் குடுத்தானுவோ? கெடந்திருந்தா எதுக்காவது ஆயிருக்கும்" என்றார். எங்கள் அரசியல் பேச்சு அதோடு முடிந்தது.

இவர் எங்கள் தெருவுக்கு மட்டும் வாய்த்தவர் என்று நெடுநாள் பெருமையாக நினைத்திருந்தேன். அப்படியில்லை. சாஸ்தமங்கலத்தில் ஒருவரைப் பார்த்தேன், பேரூர்க்கடையில் ஒருவரை, வலியசாலையில் இரண்டு பேரை. இப்படிப்பட்டவர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். இடுப்பில் கைலி, தோளில் தோர்த்து, சட்டை போட்டிருந்தால் பையில் டெஸ்டர். வீட்டின் முன்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்: இன்டர்லாக் கல், துளசிமாடம், மணிப்பிளான்ட். பின்பக்கம் மட்டும் யாரையும் கூட்டிப்போக மாட்டார்.

அண்ணாச்சி வீட்டில் நான் போயிருக்கிறேன். சமையல்கட்டை ஒட்டி ஒரு சாய்ப்பு. ஒரு காலத்தில் விறகும் கதம்பையும் சிரட்டையும் கிடந்த இடம். கேஸ் வந்து விறகு போனபோது அந்த இடம் ஒரு வாரம் காலியாக இருந்ததாம். அந்த ஒரு வாரமும் அவருக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி, எங்கள் மைனி, சொன்னாள். இப்போது அந்தக் கவலை இல்லை. பலகையில் வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் பச்சை மையில் எழுதிய லேபிள். ஒன்றில் 'வளைந்த ஆணி, நிமிர்த்தியது'. அடுத்ததில் 'வளைந்த ஆணி, நிமிர்த்த வேண்டியது'. மூன்றாவதை இரண்டு தடவை வாசித்தேன்: 'எதனுடையது என்று தெரியாதது'. அதுதான் கழுத்துவரை நிறைந்திருந்தது.

சாய்ப்புக்கு ராஜா ஒரு தேக்குக் கதவு. ஒழுகினசேரியில் பெரியப்பா வீட்டை இடித்தபோது லாரி பிடித்துக் கொண்டுவந்தது. ஏழரை அடி உயரம். இந்த வீட்டில் எந்த நிலைக்கும் அது பொருந்தாது. வீட்டை இடித்துக் கதவுக்கேற்பக் கட்டினால்தான் உண்டு. ஆனாலும் வருஷம் தவறாமல் அதற்கு முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் பூசுவார். கறையான் அண்டாமல் இருக்கத்தான். வள்ளத்துக்குப் பூசுகிற அதே எண்ணெய். கையில் பட்டால் தோல் பொத்துப்போகும் என்பதால் இரண்டு கையிலும் பால் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்வார். கீலுக்குத் தனியாகத் தேங்காயெண்ணெய். அதை அசைத்தும் காட்டினார். "சத்தம் கேக்கா?" கேட்கவில்லை.

இந்தச் சுபாவத்துக்கு ஒரு சாமி வேண்டுமே, இருக்கிறார். லாரி பேக்கர். பர்மிங்காமில் பிறந்து, நாலாஞ்சிறைப் பாறைச்சரிவில் வீடு கட்டி வாழ்ந்து, 2007-ல் இங்கேயே காலமான கட்டடக்கலைஞர். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சுருள் சுருளாக ஏறுகிற இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியது. ஓட்டுத் தொழிற்சாலை கழித்துப்போட்ட மங்களூர் ஓட்டை எடுத்துக் கூரைக் கான்கிரீட்டுக்குள் வைத்தார், சிமென்ட் மிச்சம். செங்கல்லைக் குத்தவைத்து நடுவில் பொந்து விட்டுச் சுவர் எழுப்பினார், நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், வீட்டுக்குள் சூடும் குறைவு. காலி பாட்டிலைச் சுவரில் பதித்து வெளிச்சம் வரவழைத்தார். மைனி வாரியலை எடுத்துக்கொண்டு சாய்ப்புப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணாச்சி இதைத்தான் ஒப்பிப்பார். "பேக்கர் சாயிப்பு என்ன செய்தாரு தெரியுமா?"

"அவரு கெட்டினாரு. நீங்க வச்சிருக்கியோ" என்பாள் மைனி. முப்பது வருஷ விவாதத்தில் இதைவிடச் சிறப்பாக யாரும் எதுவும் சொன்னதில்லை.

கட்டுவதற்குச் சாமான் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆற்றுகால் பொங்கலைக்கு ஊரே தெருவில் அடுப்பு மூட்டும். ஓர் அடுப்புக்கு மூன்று செங்கல். மைனியும் வாசலில் பானை வைப்பாள். பொங்கலை முடிந்தால் தெருவில் கிடக்கிற செங்கல்லை மாநகராட்சி அள்ளிக்கொண்டு போய், வீடில்லாதவர்களுக்கு லைஃப் திட்டத்தில் வீடு கட்டக் கொடுக்கிறது. நல்ல காரியம் என்று அண்ணாச்சியும் ஒத்துக்கொள்வார். ஆனால் லாரி எங்கள் தெருமுனையில் திரும்புவதற்குள் மைனியின் மூன்று கல்லும் உள்ளே போயிருக்கும், கரி துடைத்து, வருஷம் எழுதி. அடுத்த பொங்கலைக்கு அதையே எடுக்கலாமே என்றால், "அது போன வருஷத்துக் கல்லு" என்று புதுசு வாங்குவார்.

இதையெல்லாம் சொல்லி அவரைச் சோம்பேறி என்று நினைக்க வைத்துவிட்டால் எனக்குத்தான் பாவம். தெருவில் மழைக்கு முந்தி வீட்டைச் சரியாகத் தயார் செய்கிறவர் அவர் ஒருவர்தான். நமக்கு வருஷத்துக்கு இரண்டு மழை: ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம். மே பாதியில் அண்ணாச்சி ஏணியை எடுத்துவிடுவார். தென்னம்பூவும் மாஞ்சருகும் அடைத்த கூரைப் பாத்தியைக் கையால் வழித்துப் போடுவார். மொட்டைமாடியில் தண்ணீர் இறங்கும் குழாய்வாயில் ஒரு வாளி ஊற்றி, கீழே ஓடிவந்து, எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று பார்ப்பார். முற்றத்துப் பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் தூவி ஈர்க்குவாரியலால் தேய்ப்பார். நானோ ஜூன் மூன்றாம் தேதி கட்டிலை நகர்த்திப் பாத்திரம் வைக்கிறவன்.

கிணற்றுக்கு மருந்து போடுவதை வந்து பார்க்க வேண்டும். கிணற்றுச் சுவரில் கரித்துண்டால் கணக்கு எழுதியிருக்கிறது. விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் 3.14-ஆலும் பெருக்கி, நாலால் வகு. ஒன்றரை மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் 5,300 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் பதிமூன்று கிராம் பவுடர். அதை நிறுக்க ஒரு சின்னத் தராசு. தட்டு ஒன்று தொலைந்துபோய் அந்த இடத்தில் தேக்கரண்டி தொங்குகிறது. பவுடரைக் குழைத்து, வாளித் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி ஆட்டுவார். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் கோரக்கூடாது. அடியில் தங்கிய சுண்ணாம்பு? அதுவும் கெடக்கட்டும், தென்னை மூட்டில் பூச.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பெரிய நாள். டெங்கு பயத்தால் இங்கே வாரத்துக்கு ஒருமுறை ட்ரை டே உண்டு: பள்ளிக்கூடத்துக்கு வெள்ளி, ஆபீசுக்குச் சனி, வீட்டுக்கு ஞாயிறு. அன்று தண்ணீர் தேங்கிய எதையும் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும், அதனால்தான் வாரக்கணக்கு. (மாதத்தில் முதல் தேதி மதுக்கடை அடைப்பதற்கும் கேரளத்தில் ட்ரை டே என்றுதான் பெயர். சென்னையிலிருந்து வந்த என் மச்சான் வாராவாரமா என்று பதறிப்போனான்.) எனக்குக் கவிழ்க்க இரண்டு பூந்தொட்டித் தட்டு, ஐந்து நிமிஷம். அண்ணாச்சிக்குப் பதினோரு மணி ஆகும். சிரட்டை, பெயிண்ட் டப்பா, குளியலறைத் தொட்டி, மூன்று டயர், கைப்பிடி போன குக்கர் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து கவிழ்ப்பார். ஒன்றைத் தூர எறிந்தால் ஆயுசுக்கும் ஒரு குனிவு மிச்சம் என்று சொல்லிப் பார்த்தேன். "குனிஞ்சா முதுகுக்கு நல்லதுதான்வே" என்றார்.

சாய்ப்பின் ஈரத்தில் ஆப்பிரிக்க நத்தையும் குடியேறியது. ராத்திரி நனைந்த சாக்குக்குள் பப்பாளி இலையை வைத்துவிட்டு, காலையில் கூடியிருப்பதையெல்லாம் உப்புத்தண்ணீரில் தள்ளுவார். அதுவரை சரி. ஒருநாள் கூடுகளைக் கழுவிக் காயவைத்திருந்தார். மைனி அன்று மத்தியானம் சமைக்கவில்லை. முப்பது வருஷத்தில் அவர் ஒரு பொருளைக் குழி தோண்டிப் புதைத்தது அந்த ஒருநாள்தான்.

அவருடைய சாமான் என்றைக்காவது யாருக்காவது ஆகியிருக்கிறதா என்பதுதானே கேள்வி. போன துலாவர்ஷத்தில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டுப் பழைய பித்தளைக் குழாயின் வாஷர் போயிற்று. மணி ஒன்பது, சாலைக் கடைத்தெரு அடைத்தாயிற்று. அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் முகத்தில் வந்த பிரகாசத்தைச் சொல்லி முடியாது. "இருக்கு தம்பி, நல்ல தோல் வாஷர், எழுபத்தெட்டுல வாங்கினது." டார்ச்சோடு இரண்டு பேரும் சாய்ப்புக்குள் போனோம். பதினொன்றரைக்கு வெளியே வந்தோம். மைனி நாலு வருஷமாகத் தேடிய மூக்குக்கண்ணாடி கிடைத்தது. என்னிடமிருந்து அவர் வாங்கிய, நான் மறந்தே போயிருந்த ஸ்பானர் கிடைத்தது. வாஷர் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் அவரே சாலைக்குப் போய் நாலு வாஷர் வாங்கிவந்தார். ஒன்று எனக்கு. மூன்று கெடக்கட்டும் என்று உள்ளே போயின.

பெங்களூரில் இருக்கிற மகன் ஒரு ஓணத்துக்கு வந்தபோது, அப்பா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரரைக் கூப்பிட்டு இரண்டு சாக்கு எடுத்துக் கொடுத்துவிட்டான். அண்ணாச்சி வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் காற்றாடப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். ஆட்டோவில் திரும்பினார். கிலோ விலைக்கு விற்ற சாமானை எண்ணிக்கை விலைக்கு மீட்டுக்கொண்டு, கூடவே ஆக்ரிக்கடையில் கண்ணில் பட்ட ஒரு ஃபேன் ரெகுலேட்டரும். மகன் இப்போதெல்லாம் ஓணத்துக்கு வந்தால் முன்பக்கத்தோடு நின்றுகொள்கிறான்.

காலமும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. 2011 டிசம்பரில், ஊர்க்காரர்களின் போராட்டத்துக்குப் பிறகு, விளப்பில்சாலைக் குப்பை ஆலை மூடப்பட்டது. அதுவரை வாசலுக்கு வந்துகொண்டிருந்த வண்டி நின்றது. தூரப் போட ஊரில் தூரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அவரவர் குப்பை அவரவர் வீட்டில் என்றானபோது நாங்களெல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். அண்ணாச்சி எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிந்திவந்த சீடர்களைக் குரு பார்ப்பது மாதிரி. சமையலறைக் கழிவை உரமாக்க மூன்றடுக்குக் கிச்சன் பின் வந்தது. அவர் வீட்டில் ஓரடுக்கில் உரம் நடக்கிறது. மற்ற இரண்டில் என்ன இருக்கிறது என்று நான் திறந்து பார்க்கவில்லை. ஆட்டினால் கலகலவென்று சத்தம் வருகிறது.

மக்காததை வாங்கிப்போக இப்போது ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வருகிறார்கள். பிளாஸ்டிக் எப்போதும் உண்டு. கண்ணாடி, துணி, செருப்பு, எலக்ட்ரானிக் சாமான் எல்லாம் காலண்டர்படி முறைவைத்து. பால் கவரை இப்படிக் கழுவிக் காயவைத்து எண்ணிக் கட்டிக் கொடுக்கிற வீடு வார்டிலேயே இல்லை என்று அவர்களுக்கு அண்ணாச்சிமேல் மதிப்பு. மேற்கொண்டு எதுவும் அங்கே கிடைக்காது என்றும் தெரியும்.

போன தடவை செருப்பு முறை. அண்ணாச்சி வலதுகால் ரப்பர் செருப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். அதிசயம்தான், கொடுக்கப் போகிறார் என்று நானும் எட்டிப் பார்த்தேன். அவர் சேனைச் சேச்சியின் சாக்கை வாங்கி இன்டர்லாக் கல்லில் மெதுவாகக் கவிழ்த்தார். தெருவின் செருப்பெல்லாம் விழுந்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, இடதுகால் ஒன்றை எடுத்தார். இவருடையது நீலம், அது பச்சை. காலில் போட்டு நாலடி நடந்தார். மற்றதையெல்லாம் ஒழுங்காக அடுக்கிச் சாக்கில் திரும்பப் போட்டு, வாயைக் கட்டி, நூறு ரூபாயும் கொடுத்தார்.

சேச்சி சாக்கைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் வீட்டிலிருந்து எடுத்தது என்ன என்று நிரப்பக் கட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் எடுத்ததற்கு இல்லை.