தூணுக்கு ஒரு பங்காளி

செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டுக்குள் நுழையச் சாவி மட்டும் இருந்தால் போதாது. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் காவல்காரரின் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

"தம்பி எத்தனாவது புள்ளி?"

கல்யாணமான மகன் ஒவ்வொருவரும் அங்கே ஒரு புள்ளி. சென்னையிலிருந்து பல வருடம் கழித்து ஐயா வீட்டைப் பார்க்க வந்த பேரனுக்குத் தெரிந்ததெல்லாம் தசமப் புள்ளிதான். அதற்கும் பிறகு வேலை வந்தது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தின் பெரிய வீடுகள் பலவும் பர்மா, மலேயா, இலங்கைக் கொண்டுவிற்றலில், அதாவது வட்டித் தொழிலில், வந்த பணத்தில் எழுந்தவை. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகமே கடனில் தத்தளித்த சில வருடங்களில், 1937 வாக்கில், அது 25 சதவீதம் ஆனது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். வட்டி நின்றது, வீடு நின்றுகொண்டிருக்கிறது.

அதுவும் சாதாரண வீடா? முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாம் தாண்டித்தான் குளியலறை. ராத்திரியில் அவசரமென்றால் முன்கூட்டியே கிளம்பிவிட வேண்டும்.

நடு முற்றமான வளவைச் சுற்றிப் புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. மகனுக்குக் கல்யாணமானதும் அதே கூரையின் கீழ் தனி அடுப்பு வைத்துக் கொடுப்பதற்கு 'வேறு வைப்பது' என்று பெயர். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தால் நல்லது என்று கண்டுபிடிக்க உலகத்துக்கு அப்புறம் அபார்ட்மெண்ட் தேவைப்பட்டது.

பேரன் தங்கள் அறையைத் திறந்தான். தகரப் பெட்டிகள், அடுக்கடுக்காக மங்குச் சாமான், ஒரே அளவில் ஏழு பித்தளைத் தூக்கு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் இன்ஷியல் வெட்டியிருந்தது. ஆறில் அப்பத்தாவின் எழுத்து. ஏழாவதில் சின்ன அப்பத்தாவின் எழுத்து! படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். கோலாலம்பூரிலிருந்து சித்தி உடனே பதில் அனுப்பினார்: "நாப்பது வருசமாத் தேடுறோம்."

அதே குழுவில் இன்னொரு படமும் போட்டிருந்தான். நாட்டு ஓடு நாலு உடைந்து, மழைநீர் நேராக ஆத்தங்குடிக் கல்லின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, ஒவ்வொரு கல்லாகக் கையால் வார்க்கும் தரை அது. கண்ணாடியின் பளபளப்பு அப்படியே கல்லில் இறங்கிவிடும். ஓடு மாற்றும் செலவு யாருடையது என்று கேட்டதற்கு வந்தவை கும்பிடும் கைகள் மட்டும்.

செலவைப் பங்கு போட உட்கார்ந்தான். கொள்ளுத்தாத்தாவுக்கு மகன்கள் 4. ஐயாவுக்கு 3. அப்பாவுக்குப் பிள்ளைகள், அக்காவையும் சேர்த்து, 2. ஆக, அவன் பங்கு 24-இல் ஒன்று, தசமத்தில் 0.0417. வளவில் தூண்களும் 24. ஆளுக்கொரு தூண் என்று கணக்கு சுகமாகத்தான் முடிந்தது. ஆனால் 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005-இல் மத்தியச் சட்டமும் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை கொடுத்திருக்கின்றன. அத்தை மகள் ஒருத்தி அதை நினைவூட்டியதும் தூண் பற்றாக்குறை ஆகிவிட்டது.

சாயங்காலம் காரைக்குடியிலிருந்து பழஞ்சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். நிலைக்கதவைத் தட்டிப் பார்த்தார். தூணைக் கட்டிப் பிடித்து அளந்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்:

"பங்காளிங்க எல்லாம் எப்படித் தம்பி? ஒத்துமையா?"

பேரன் கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல், "ரொம்ப ஒத்துமை" என்றான்.

வியாபாரியின் முகம் மலர்ந்தது. "அப்பச் சரி. எல்லாரும் கையெழுத்துப் போட்டா ஒரே வாரத்துல பிரிச்சு ஏத்திருவேன். சண்டை போடுற வீட்டுலதான் ஒரு சட்டத்தைக்கூடக் கழட்ட முடியிறதில்ல."

பேரன் செல்போனை எடுத்து, ஏழாவது தூக்கு யாருக்குச் சொந்தம் என்று குழுவில் கேட்டு வைத்தான்.