தனி லைன்காரர்

புது வீடு கட்டுகிறவர்கள் எலக்ட்ரீஷியனிடம் பூஜை அறைக்கு ஒரு பாயின்ட், படுக்கையறைக்கு டூ-வே சுவிட்ச் என்று கேட்பார்கள். தனி லைன்காரர் சுவரில் காடி வெட்டும் முன்பே வந்து நின்றுகொள்வார்.

"தம்பி, மெயின் போர்டிலேர்ந்து ஹாலுக்கு நேரா ஒரு லைன். நடுவுல ஜாயின்ட்டே கூடாது. 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு."

"ஏசிக்கா சார்?"

"ஆம்ப்ளிஃபயருக்கு."

"எத்தனை வாட்ஸ்?"

"சேனலுக்கு 60."

தம்பி மேலே ஒன்றும் கேட்கமாட்டான்.

மின்சாரத்துக்கே மடி ஆச்சாரம் பார்ப்பவர் இவர். கிரைண்டரும் ஃபிரிட்ஜும் தீண்டிய நியூட்ரல் தன் ஆம்ப்ளிஃபயரைத் தொடக்கூடாது. பைத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது. ஃபிரிட்ஜ் நிற்கும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்பதுண்டு. தனி லைன் அதைக் குறைக்கும். ஆனால் அந்த 4 ஸ்கொயர்? 15 மீட்டர் தூரத்துக்கு 2.5-க்குப் பதில் 4 போட்டால், 1 ஆம்பியருக்கு மிச்சமாவது வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாயங்காலம் தெருவே ஏசி போட்டால் 230 வோல்ட் தானாக இறங்கிவிடும், அவரைக் கேட்காமல்.

ஜப்பானில் சில இசைப்பித்தர்கள் வீட்டுக்குச் சொந்த மின்கம்பமும் டிரான்ஸ்பார்மரும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். தனக்கும் ஒரு கம்பம் கேட்டு அவர் போட்ட மனுவைப் படித்த மின்வாரிய ஏ.இ., "எத்தனை ஏக்கர் சார் விவசாயம்?" என்றார்.

கம்பம் கிடைக்காத ஆத்திரம் எர்த் குழியில் இறங்கியது. ஆள் உயரத்துக்கு மேல் வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, பைப் இறக்கினார்கள். அதை வீட்டு எர்த்தோடு சேர்க்கவே கூடாது என்று அவர் கட்சி. சேர்க்காவிட்டால் ஆளையே அடித்துப்போடும் என்று தம்பி கட்சி. நல்லவேளை, தம்பி ஜெயித்தான். பக்கத்துக் கறிவேப்பிலைக் கன்று வாடினாலும் எர்த் குழிக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் தவறாது.

ஹாலில் அந்த 16 ஆம்பியர் பிளக் மேல் 'தொடாதே' என்று சீட்டு ஒட்டியிருக்கும். அவர் ஆபீஸ் போனதும் கிரைண்டர் அதில்தான் ஓடுகிறது என்பது வீட்டில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு, முதல் நாள் சுவிட்சைப் போட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்...' என்று ஒரு ரீங்காரம். அவர் முகம் வெளிறிவிட்டது. தம்பியோடு வந்த கையாள் பையன் சுற்றும் முற்றும் பார்த்து, ஆம்ப்ளிஃபயரோடு இணைத்திருந்த செட்டாப் பாக்ஸில் செருகியிருந்த கேபிள் டி.வி. ஒயரைப் பிடுங்கினான். சத்தம் நின்றது. எங்கேயோ ஒரு எர்த்தைக் கேபிள் ஒயர் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே ஓடிய 50 ஹெர்ட்ஸ்தான் அத்தனை நேரம் பாடியது.

"பழைய லைன்லயும் இதைப் புடுங்கியிருந்தா போதும் சார்" என்றான் பையன்.

அவர் அசரவில்லை.

"தனி லைன் போட்டதாலதாண்டா அந்தச் சத்தம் இவ்வளவு சுத்தமாக் கேட்டுச்சு!"