இஸ்திரிக் குறியீட்டெண்

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோருக்கெல்லாம் ஒரு வியாதி வரும். எதன் விலையைச் சொன்னாலும் மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, "அடேயப்பா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வது. எங்கள் வீட்டில் அது முற்றிய கேஸ். மகன் ஜெர்மனியில், மச்சினன் சிங்கப்பூரில், சகலை குவைத்தில். நானும் மனைவியும் மட்டும் புனேயில், விஷ்ராந்த்வாடியில். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவன், ரிட்டையர் ஆன பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். அக்கம்பக்கத்து மராட்டியர்களுக்கு நான் "அண்ணா". பெருமைப்பட ஒன்றுமில்லை, இங்கே இட்லி விற்கிறவர் முதல் தென்னாட்டுக்காரர் எல்லோருமே அண்ணாதான்.

குடும்ப வாட்சப் குழுவில் சம்பளப் பேச்சு வந்தால் நான் வாயைத் திறப்பதில்லை. பென்ஷன்காரனுக்கு அது தோற்கிற ஆட்டம். ஆனால் "நூறு ரூபாய்க்கு உங்க ஊரில் என்ன கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டால் அன்றைய பொழுது என் பக்கம்.

எங்கள் சௌக்கில் (நாற்சந்தியில்) கிடைப்பதைச் சொல்கிறேன். அம்ருத்துல்ய என்று இங்கே அழைக்கும் டீக்கடையில் ஒரு டீ, 10 ரூபாய். காந்தா போஹா, அதாவது வெங்காய அவல், 25. வடாபாவ் 20. அந்த வடாபாவைப் பற்றி நின்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பாவ் ரொட்டியை நடுவில் கீறி, உட்புறம் பூண்டும் மிளகாயும் இடித்த சிவப்புப் பொடியைத் தூவி, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையை உள்ளே வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துவார் கடைக்காரர். மேலே உப்பில் புரட்டிய பொரித்த பச்சை மிளகாய். கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் விலையை நினைத்து அல்ல. பிறகு நகரப் பேருந்தில் முதல் ஐந்து கிலோமீட்டருக்கு 10 ரூபாய். 2025 ஜூன் வரை குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயாக இருந்தது, போகட்டும். இஸ்திரிக்காரரிடம் நாலு சட்டை, ஒன்று எட்டு ரூபாய் வீதம் 32. ஆக மொத்தம் 97. மீதி மூன்று ரூபாய்க்கு யாராவது ஒரு கடைக்காரர் "சுட்டே நாஹீத்" (சில்லறை இல்லை) என்று சொல்லி மிட்டாயை நீட்டுவார். நூறும் தீர்ந்தது.

மகனிடம் இதைச் சொன்னால், "அப்பா, நூறு ரூபாய்ன்னா இங்க கிட்டத்தட்ட ஒரு யூரோ. ஆட்டோபான்ல ஒண்ணுக்குப் போகலாம்" என்கிறான். உண்மைதான். அங்கே நெடுஞ்சாலைக் கழிப்பறைகள் பலவற்றில் 2022 கடைசியிலிருந்து கட்டணம் ஒரு யூரோ. அந்தத் தொகைக்கு ஒரு கூப்பன் தருகிறார்கள். அதை அதே இடத்தில் காப்பி வாங்கும்போது விலையில் கழித்துக்கொள்ளலாம். காப்பி குடித்தால் மறுபடி கழிப்பறை. ஜெர்மானியர்கள் பொறியியலில் கெட்டிக்காரர்கள் என்று சும்மாவா சொன்னார்கள்? நம் ஊர்க் கட்டணக் கழிப்பறையில், தடவைக்கு ஐந்து ரூபாய் என்று வைத்தாலும், அதே நூறில் இருபது தடவை நிம்மதியாக இருக்கலாம்.

சிங்கப்பூரில் நூறு ரூபாய் என்பது சுமார் ஒன்றரை வெள்ளி. உணவங்காடியில் ஒரு காப்பி கிடைக்கும், அல்லது ஒரு வெறும் புரோட்டா கிடைக்கும். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் மச்சினனைத்தான் கூப்பிட வேண்டும்.

ஜிம்பாப்வேயில் ஒருகாலத்தில் நூறுக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கே வேண்டியிருக்கவில்லை. 2009 ஜனவரியில் அவர்கள் நூறு டிரில்லியன் டாலர் நோட்டு அடித்தார்கள். ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சைபர். நம் கணக்கில் ஒரு கோடி கோடி. பணமாக இருந்தபோது சீந்துவாரில்லாத அந்த நோட்டைச் சேகரிப்பாளர்கள் இப்போது நல்ல டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்.

இத்தனை தூரம் போவானேன்? எங்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் வெளிநாடு லோகாவ் விமான நிலையம். நாலைந்து கிலோமீட்டர்தான். ஆட்டோ மீட்டர் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 17. மீட்டர் போடச் சம்மதிக்கிற புண்ணியவான் கிடைத்தால் நூறு ரூபாய்க்குள் அந்நிய தேசம் போய்ச் சேரலாம். உள்ளே நுழைந்த பிறகு நூறு ரூபாயை வெளியே எடுக்கத்தான் கூச்சமாக இருக்கும். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் டீத்தூளுக்கு என்ன ஆகிறதோ தெரியாது. இந்த விலை நோய் எல்லா விமான நிலையங்களிலும் உண்டு என்பதால்தான் 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்திலும், அடுத்த பிப்ரவரியில் சென்னையிலும், டீ 10 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்று ஒரு மலிவுக் கடையை அரசே திறந்துவைத்தது. டீக்கடை திறக்க மத்திய அமைச்சர் வந்த தேசம் நம்முடையதுதான்.

இதையெல்லாம் அறிஞர்களும் அளந்திருக்கிறார்கள். லண்டன் 'எகனாமிஸ்ட்' பத்திரிகை 1986இலிருந்து பிக் மாக் பர்கரை வைத்து நாணயங்களை எடை போடுகிறது. இங்கே மாட்டிறைச்சி பர்கர் கிடையாது என்பதால் நமக்கு மட்டும் கோழி போட்ட மகாராஜா மாக். உலக வங்கி நடத்தும் ஒப்பீட்டில், 2017இல் ஒரு டாலரின் சந்தை மதிப்பு சுமார் 65 ரூபாய்; ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இங்கே வாங்க 20.65 ரூபாய் போதுமாம். குழுவில் இதைப் போட்டேன். மகன் கட்டைவிரல் காட்டினான். அவ்வளவுதான்.

பர்கரைவிடச் சரியான அளவுகோல் சட்டை என்பது என் கட்சி. ஜெர்மனியில் ஒரு சட்டை தேய்க்க இரண்டு யூரோவுக்குக் குறைந்து ஆள் கிடைக்கவில்லையாம். பையன் தானே தேய்த்துக்கொள்கிறான். குவைத்தில் அவ்வளவு ஆகாது, ஏனென்றால் அங்கே தேய்க்கிறவரும் நம் பக்கத்து ஆள்தான். அந்தக் குவைத்தில் நூறு ரூபாய்க்கு மூன்று லிட்டர் பெட்ரோல் தாராளமாக வரும். புனேயில் பெட்ரோல் 2021இல் லிட்டருக்கு நூறைத் தாண்டியது, பிறகு இறங்கவேயில்லை. அமெரிக்காக்காரர்கூட நம்மைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார். ஆப்பிள் போனும் அப்படியே. ஆக, நூறு ரூபாய் விஷ்ராந்த்வாடியில் ராஜாவாக நடப்பது இன்னொருத்தர் கையைக் காலை அசைத்துச் செய்கிற வேலைக்கு முன்னால் மட்டும்தான். மலிவாக இருப்பது சாமான் இல்லை, ஆள்.

எங்கள் இஸ்திரிக்காரர் குல்மோகர் மரத்தடியில் வண்டி போட்டிருக்கிறார். கரிப்பெட்டி போய் இப்போது சிலிண்டர் இணைத்த பெட்டி. ஒரு கையால் தண்ணீர் தெளித்து, காலரில் தொடங்கி, கை மடிப்பில் ஓர் இழுப்பு இழுத்து முடிப்பார். பன்னிரண்டு சட்டை தேய்த்தாலும் அவருக்கு நூறு ரூபாய் சேராது. அதைக் கொண்டுபோய் அவர் வாங்குகிற கேஸ் சிலிண்டருக்கு மலிவு விலை, மரத்தடி விலை என்றெல்லாம் கிடையாது.

போன வாரம்தான் அவர் துணிக்கு இரண்டு ரூபாய் ஏற்றி இந்த எட்டு ரூபாய் ஆக்கினார். எங்கள் சொசைட்டி வாட்சப் குழுவில் கண்டனக் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அதில் பாதிப் பேர் பிள்ளைகளை அமெரிக்காவில் வைத்திருப்பவர்கள். என் ஓட்டு இஸ்திரிக்காரருக்கு. ஆட்சேபம் உள்ளவர்கள் தங்கள் சட்டையைத் தாங்களே தேய்த்துக்கொள்ளட்டும். கை மடிப்பில் கோடு ஒன்றுதான் விழவேண்டும், இரண்டு விழக்கூடாது.